அடிமூடையைக் காட்டு

போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை ஊரே ‘அடிமூடை’ என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேராக இல்லை. நேரில் பார்த்தால் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் வந்த எதையும் அவர் நம்பியதில்லை. தன் பெயரே அச்சில் வந்திருந்தால், இது நாம்தானா என்று ஒருமுறை விசாரித்துவிட்டு வருவார்.

எங்கள் ஊரில் வெறுமனே காய் என்றால் அது ஏலக்காய். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காய் மூடைகளைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது அவருடைய சோலி. கொண்டுவந்தவர் அடுக்கில் மேலே இருக்கும் மூடையின் வாயை அவிழ்த்து, ஒரு கை அள்ளி நீட்டுவார். இவர் அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

“மேல இருக்கிறது ஒன் மூஞ்சி. அடிமூடையக் காட்டு” என்பார்.

கீழே கிடக்கும் மூடையை உருவிப் போடும்வரை இடத்தை விட்டு நகரமாட்டார். பிறகு முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து நாலு காயை எடுப்பார். தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, அதில் வைத்துத் தேய்ப்பார். நிறம் கூடுவதற்காகச் சாயம் பூசிய காயாக இருந்தால் துண்டில் பச்சை ஒட்டும். ஒட்டினால் சண்டை போடமாட்டார். துண்டை அந்த ஆளின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் மூடைகள் ஜீப்பில் ஏறியிருக்கும்.

கொஞ்சம் சொறி பிடித்த காய், கொஞ்சம் வெடித்த காய் கலந்து கிடந்தால் அவருக்கு முகம் மலரும். எல்லாக் காயும் ஒரே அளவில் ஒரே பச்சையில் பளபளவென்று இருந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கச் சிடுசிடுப்புத்தான்.

கடைக்கு வெளியிலும் மனிதர் அப்படியேதான் இருந்தார். புதிதாக ஓட்டல் திறந்தால் பின்பக்கச் சந்து வழியாகப் போய் எச்சில் இலை எவ்வளவு சோற்றோடு விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருக்கும் சலூனில் இரண்டு வாரம் முகச்சவரம் செய்துகொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தால், நகலை வாங்கி மூலத்தோடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார்.

“அண்ணே, மெஷின் பொய் சொல்லாதுண்ணே” என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்.

“மெஷின் சொல்லாது அப்பு. மெஷினுக்குப் பக்கத்துல நீ நிக்கிறியே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எல்லோருக்கும் எப்போதும் சிரிப்பு வந்துவிடவில்லை. மகள் பத்தாம் வகுப்பில் எதிர்பாராத மதிப்பெண் வாங்கியபோது, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய், இது சரிதானா என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். சரிதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. “நல்ல மார்க்கா இருந்துச்சுல்ல, அதான் கேட்டேன்” என்று அதற்கு அவர் சொன்ன சமாதானம் இன்னும் மோசம். இப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. யோசனை நல்லபடியாக முடிந்ததில்லை.

ஆனாலும் என் தங்கச்சி விஷயம் வந்தபோது நான் நேராகப் போய் நின்றது அவரிடம்தான்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே போடி மெட்டுக்கு ஏறும் சாலையில், ஒரு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தங்கச்சி என் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல முடியும். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள், இன்னொரு இட்லி வேண்டுமென்று கேட்கமாட்டாள். போடி மெட்டுப் பக்கம் போகிற பஸ்சைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

ஒருநாள் காலையில் செல்போனை என் முன்னால் வைத்தாள். மலைச் சரிவில் ஒரு யோகா மையம். வெள்ளை உடுத்தியவர்கள் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, பின்னால் பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.

“இங்க போகணும்ணே. இருவத்தியொரு நாள் தங்கணுமாம்.”

அடுப்படியில் நின்ற என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாளைக்குப் பிறகு தங்கச்சி வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அதுதான். அனுப்பாவிட்டால் இனி எதையுமே கேட்கமாட்டாள். அனுப்பி, அங்கே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் என்னால் என்னை மன்னிக்க முடியாது. அந்த மையத்தைப் பற்றி எழுதியிருந்தவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். இத்தனை பேருக்கு மாறிய வாழ்க்கையில் ஒருத்தருக்காவது கொசு கடித்திருக்க வேண்டாமா?

செல்போனைக் கொண்டுபோய் அடிமூடை அண்ணனிடம் காட்டினேன். தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இது மேல் மூடை. நாளைக்குக் காலையில ஜீப்புக்குச் சொல்லு” என்றார்.

மையத்தின் வாசலில் எங்களை வரவேற்றவர் முப்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நாம் பேசி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் புன்னகைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது. அண்ணனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. “பதில் எங்கேயிருந்து வருது, மெட்ராஸ்லயிருந்தா?” என்று என் காதருகே முணுமுணுத்தார்.

இடம் அழகாகத்தான் இருந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவில் ஓட்டுக் கூரை போட்ட பெரிய கூடம், மணல் கொட்டிய நடைபாதை, சுற்றிலும் புல்தரை. ஒரு சருகைக்கூட விழ விடமாட்டார்கள் போல. நான் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் சாக்கடை எங்கே போகிறது என்று கேட்டார். இங்கே நாய் வளர்க்கிறீர்களா, அது யாரைப் பார்த்துக் குரைக்கும் என்று கேட்டார். காய்ச்சல் வந்தால் யார் கீழே கூட்டிப் போவது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் புன்னகையும் பதிலும் கிடைத்தன.

அலுவலக அறையில் சுவரையொட்டி ஒரு மர அலமாரி, பூட்டியிருந்தது. அது என்ன என்றார்.

“தங்க வர்றவங்களோட செல்போனும் செருப்பும். முதல் நாள் வாங்கி வச்சிட்டு, கடைசி நாள் குடுப்போம்.”

“செல்போன் சரி. செருப்பு எதுக்கு?”

“பூமியோட தொடர்பு இருக்கணும் ஐயா. இங்க எல்லாரும் வெறுங்கால்தான்.”

அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். புல்தரை முடிகிற இடத்திலிருந்து கீழே ரோடு வரைக்கும் அட்டையும் முள்ளும் ஈரக் கல்லும்தான். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரப்பர் செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கமாட்டார்கள்.

“பாதியில எறங்கணும்னு ஒருத்தருக்குத் தோணுனா?”

“எப்ப கேட்டாலும் குடுத்துடுவோம்.”

“சாவி யாருகிட்ட?”

அந்த இளைஞர் புன்னகைத்தார். “பொறுப்பாளர்கிட்ட.”

அதன்பிறகு அண்ணன் எங்களை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் முன்பு எஸ்டேட்டில் காய் பறித்தவர்கள், அவருக்குத் தெரிந்தவர்கள்தான்.

“நீங்களும் இங்க கண்ணை மூடி உக்காருவீகளா?”

“நாங்க கண்ணை மூடுனா சோறு வடிக்கிறது யாருண்ணே?” என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி அந்த இளைஞர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள். அண்ணன் அந்தப் பார்வையையும் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும்.

அடுப்படியை ஒட்டிச் சரக்கு அறை. தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு விற்பதற்காக ‘மலையில் விளைந்தது’ என்று அச்சடித்த சின்னச் சின்னப் பொட்டலங்களில் ஏலக்காய் அடைத்து வைத்திருந்தார்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த மூடைக்குப் போனார். வழக்கம்போல முழங்கை வரை கை உள்ளே போனது. நாலு காய். துண்டின் நுனியைக் குடத்தில் நனைத்துத் தேய்த்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பளீரென்று பச்சை.

வழக்கப்படி அவர் துண்டை அந்த இளைஞரின் முகத்துக்கு நேராக விரித்திருக்க வேண்டும். விரிக்கவில்லை. சுருட்டி இடுப்பில் செருகினார். மூடையின் வாயை உட்பக்கமாக மடித்து, சணலை எடுத்து அவரே இறுக்கிக் கட்டினார். அடுத்தவன் மூடையை அவர் கட்டி நான் பார்த்ததே இல்லை.

ஜீப்பில் இறங்கினோம். முந்தல் வந்ததும், “வேணாம் அப்பு. காயில சாயம்” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. காயில் பச்சை பூசுகிறவன் எதில்தான் பூசமாட்டான்? வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் நான் சொல்வதை முழுசாகக் கேட்டாள்.

“நான் என்ன ஏலக்காய் திங்கவாண்ணே போறேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுபடியும் பழைய கதை ஆரம்பித்தது. முன்பாவது தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள், இப்போது அதிலும் பாதி அப்படியே இருந்தது. மூன்று வாரம் நான் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டும், அவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டும் இருந்தேன். அண்ணனும் என் கடைப் பக்கம் வரவில்லை. அவர் ஏலக்காய்க் கடை வேலையை விட்டுவிட்டதாக யாரோ சொன்னார்கள். நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. என்னிடம் பேசாமல் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

“ஆத்தா, அன்னைக்கு நான் சொன்னதுல பாதிதான் நெசம். அந்தக் காயில சாயம் இருந்துச்சு. ஆனா அந்த மூடையில எங்க கடை முத்திரை இருந்துச்சு. அவங்க நம்பி வாங்கியிருக்காங்க. பூசுனது நாங்க.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார்.

“முப்பது வருசமா வர்ற மூடையத்தான் பார்த்தேன் அப்பு. போற மூடைய ஒருநாளும் பார்க்கல. பின்னால குடோன்ல என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்கல. மொதலாளி என்னைய நம்புறாரு, நான் அவர நம்புறேன்னு இருந்துட்டேன். ஊர்ல ஒரு எடத்துலயாவது சந்தேகப்படாம இருப்போம்னு அங்க இருந்துட்டேன் போல.”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. “மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தீகளே, இவ சாப்பிடாம கெடந்தாளே!” என்று கத்திவிட்டேன். ஊருக்கெல்லாம் அடிமூடையைத் தோண்டுகிற மனுஷன், தன் கடை முத்திரை வெளியே தெரியாமல் மடித்துக் கட்டிவிட்டு, அந்தப் பழியை என் தங்கச்சியின் ஒரே ஆசையின் மேல் போட்டுவிட்டாரே என்று இருந்தது. அவர் தலையைக் குனிந்து நின்றார்.

“கூசிருச்சு அப்பு” என்றார். “வேலைய விட்டுட்டு, அங்க போயி மூணு நாள் தங்கிட்டு வந்தேன்.”

“எங்க?”

“அந்த யோகா எடத்துலதான். சாம்பிள் பார்க்காம எப்படிச் சொல்றது?”

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். “எப்படிண்ணே இருந்துச்சு?”

“மொத நாள் கண்ணை மூடிக்கிட்டுச் சந்தேகப்பட்டேன். ரெண்டாம் நாள் வேற சோலியே இல்ல, இன்னும் நல்லாச் சந்தேகப்பட்டேன். மூணாம் நாள் தூங்கிட்டேன்.”

தங்கச்சி சிரித்தாள். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தாள்.

“நல்ல எடம்னும் சொல்லமாட்டேன், கெட்ட எடம்னும் சொல்லமாட்டேன். சோறு நல்ல சோறு. பொம்பளையாளுக தங்குற எடத்துக்கு உள்தாழ்ப்பாள் இருக்கு, போட்டுப் பார்த்தேன். அந்தச் செருப்பு அலமாரி மட்டும் எனக்கு இன்னும் ஒத்துக்கல. போறதுன்னா போ ஆத்தா. நீதான் சொல்லணும்.”

“போறேண்ணே” என்றாள்.

அவள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜீப்பு நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து, டிரைவர் வெரசா வெரசா என்று அவசரப்படுத்தும்போது அண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்தார். செருப்புக் கடையில் பேப்பரில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே நீட்டினார்.

“இந்தா, பையோட அடியில வை. துணிக்குக் கீழ. காலுல போட்டிருக்கிறத அவங்ககிட்டக் குடுத்துரு.”

அவள் பிரித்துப் பார்த்தாள். ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு.

அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். செல்போன் கிடையாது என்பதால் ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒவ்வொரு விதமாகக் கற்பனை ஓடியது. ஒருவேளை அடிமூடை அண்ணனின் வியாதி எனக்குத் தொற்றிக்கொண்டதோ என்னவோ, வந்த நகலையெல்லாம் நானே மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அவரும் தினமும் வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் தங்கச்சியைப் பற்றிப் பேசமாட்டோம்.

பதினோராம் நாள் முற்பகலில், மெஷினில் தாள் சிக்கியதை இழுத்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் தங்கச்சி நின்றாள். தோளில் பை. கணுக்கால் வரை சேறு. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்து ஒரு கோடாக இருந்தது. தாளை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

“என்னாச்சு? யாராச்சும் எதுவும் சொன்னாங்களா?”

“இல்லண்ணே.”

“சோறு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி குடு.”

குடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்து நின்றுகொண்டார்.

“கண்ணை மூடி உக்காந்திருக்கும்போது கீழ ரோட்டுல ஜீப்பு ஹாரன் கேக்கும்ணே. அந்த வளைவுலதான் அப்படி நீட்டி அடிப்பாங்க. மத்தவங்களுக்கு அது தொந்தரவு. எனக்கு அது மட்டுந்தான் கேட்டுச்சு. இங்க கண்ணை மூடிக்கிட்டே இருந்தா அந்த வளைவுக்குப் போகாமலே இருந்துருவேன்னு தோணுச்சு. எறங்கணும்னு சொல்லிச் செருப்பக் கேட்டேன். சாவி வச்சிருக்கிறவர் மதுரைக்குப் போயிருக்கார், நாளைக்குத் தர்றோம்னாங்க. மறுநாளும் அதையேதான் சொன்னாங்க.”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

“சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. திட்டவெல்லாம் இல்ல. இன்னைக்குக் காலையில பையைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமா எறங்கிட்டேன். ஏலக்காட்டுக்குள்ளயே நடந்து ரோட்டுக்கு வந்து, அந்த வளைவு வரைக்கும் போனேன். அங்க கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் முந்தலுக்கு நடந்து வந்து பஸ்சு ஏறுனேன்.”

சொல்லிவிட்டு அழுதாள். வீட்டுக்காரர் போனதிலிருந்து என் தங்கச்சி என் கண் முன்னால் அழுதது அன்றுதான். எனக்கும் நிற்கவில்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டியபடி நின்று, சங்கடப்பட்டுத் திரும்பிப் போனார்.

அது நல்ல இடமா கெட்ட இடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவிக்காரர் உண்மையிலேயே மதுரைக்குப் போயிருக்கலாம். யாராவது என் கடைக்கு வந்து, அங்கே போகலாமா என்று கேட்டால், பையின் அடியில் ஒரு செருப்பு வைத்துக்கொண்டு போங்கள் என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அண்ணன் இப்போது கம்பத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார்.

அன்று தங்கச்சி அழுது ஓய்ந்ததும், அவர் அவள் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் கழற்றிப் போட்டிருந்த நீலச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியில் அப்பியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்து, குத்தியிருந்த ஒரு முள்ளை நகத்தால் பிடுங்கிப் போட்டார்.

“அவசரத்துல அடியப் பார்க்காம வாங்கிட்டேன் ஆத்தா” என்றார். “பதினோரு நாளா எனக்கு அதே நெனப்புத்தான். பாதியில வாரு அந்துருச்சா?”

“இல்லண்ணே” என்றாள் தங்கச்சி. “தாங்குச்சு.”